இடது இடுப்பு

1963 ஆடி மாதத்தில் எங்கள் அம்மாச்சி ஒன்பதாவது பிள்ளையைப் பெற்றாள். மேலூருக்குப் பக்கத்தில் கண்மாய்க்கரை ஊர். அடுப்படிக்குப் பின்னால் சாக்கு கட்டி மறைத்த மூலைதான் பிரசவ அறை. அப்போது அவளுக்கு 42 வயது என்பது பின்னாளில் நாங்கள் கூட்டிக் கழித்துக் கண்டுபிடித்தது. அவளுக்குத் தெரியாது. "மூத்தவ பொறக்கையில எனக்கு ஒரு பதினேழு இருக்கும்" என்பாள். மூத்தவள் பிறந்தது 1938. அந்த ஒரு கணக்குதான் கைவசம் இருந்தது.

2017 ஆனியில் நான் முதல் பிள்ளையைப் பெற்றேன். மதுரையில், மருத்துவமனையில், அறுவை சிகிச்சை செய்து. எனக்கு 41 வயது. என் ஃபைலின் மேல் மூலையில் அந்த எண்ணைச் சிவப்பு மையில் எழுதி வட்டம் போட்டிருந்தார்கள். பக்கத்தில் 'எல்டர்லி ப்ரைமி' என்று இருந்தது. 35 தாண்டித் தலைப்பிரசவத்துக்கு வருகிறவர்களை மருத்துவர்கள் அப்படித்தான் குறிப்பார்கள். ஸ்கேன் எடுக்கிறவர், ரத்தம் எடுக்கிறவர், தூக்குப்படுக்கை தள்ளுகிறவர் எல்லோரும் அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் என் முகத்தைப் பார்த்தார்கள்.

வயது கழிந்து பிள்ளை பெறுவது இந்தக் காலத்து வழக்கம் என்று பேசுகிறார்கள். படிப்பு, வேலை, பட்டணம் எல்லாம் சேர்ந்து கொண்டுவந்தது என்கிறார்கள். எங்கள் வீட்டுக் கதை தெரிந்த என்னால் அதற்குத் தலையாட்ட முடியவில்லை. நாற்பதில் பிள்ளை பெற்றவர்கள் அன்று தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். பதினேழில் தொடங்கிய பேறு, தீட்டு நிற்கும்வரை நீண்டது. நாற்பதில் வந்தது கடைக்குட்டி. எனக்கு நாற்பதில் வந்ததோ தலைச்சன். புதிது அது ஒன்றுதான்.

பிறகு ஏன் எல்லோருக்கும் இது புதிதாகத் தெரிகிறது? நடுவில் ஒரு தலைமுறை நின்றதால். அது என் அம்மாவின் தலைமுறை. சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்ற வாசகமும் ஊர்ச் சுவரெல்லாம் எழுதியிருந்த காலம். அம்மா 1971-இல் கல்யாணமாகி, 1973-இல் அண்ணனையும் 1976-இல் என்னையும் பெற்று, என்னைப் பெற்ற கையோடு 'ஆபரேஷன்' செய்துகொண்டாள். அப்போது அவளுக்கு 27 வயது. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இப்படிக் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். 1970-களின் தொடக்கத்தில் இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக நான்கு பிள்ளைகள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் அது 1.8. முப்பதுக்குள் பேற்றை முடித்துக்கொண்ட அந்தத் தாய்மார்களைப் பார்த்தே நாங்கள் வளர்ந்தோம். நாற்பதில் வயிறு தள்ளிய பெண்ணை முப்பது வருடம் ஊர் பார்க்கவில்லை. திரும்பவும் பார்த்தபோது அதிசயமாகிவிட்டது.

அம்மாச்சிக்கு அது அதிசயமாக இல்லை, அவமானமாக இருந்தது. மாதத் தீட்டு நின்றதும், வயசாகிவிட்டது, இனி விட்டது தொல்லை என்று நினைத்திருக்கிறாள். ஐந்தாம் மாதம் வயிற்றுக்குள் அசைந்த பிறகுதான் விஷயம் புரிந்திருக்கிறது. அந்த நேரம் மூத்த மகள், என் பெரியம்மா, மூன்றாவது பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஒரே வீட்டில் தாயும் மகளும் வாயும் வயிறுமாக. மகளைப் பார்க்க மருமகன் வரும் நாளெல்லாம் அம்மாச்சி அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள். "அந்தப் பிள்ள மொகத்துல எப்புடி முழிப்பேன்" என்று முந்தானையை இழுத்து இழுத்து வயிற்றை மூடுவாளாம். பங்காளி வீட்டு விசேஷத்துக்குக்கூடப் போகவில்லை.

சித்திரையில் பெரியம்மாவுக்குப் பையன். ஆடியில் அம்மாச்சிக்குப் பையன், என் கடைசி மாமா. மருமகனைவிட மூன்று மாதம் இளைய தாய்மாமன். ஒன்பதாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், மருத்துவச்சி கையைப் பிசைந்து, அம்மாச்சி பிழைத்ததே பெரிய காரியம். அவள் பெற்ற ஒன்பதில் மூன்று தங்கவில்லை. கடைசி மாமாவுக்கு அவளிடம் பால் போதவில்லை. பெரியம்மாதான் ஒரு பக்கம் தன் மகனும் ஒரு பக்கம் தன் தம்பியுமாக வைத்துப் பால் கொடுத்திருக்கிறாள். இதைச் சொல்லும்போது பெரியம்மா முகத்தில் பெருமையும் தெரியாது, குறையும் தெரியாது. பசித்தது, கொடுத்தேன் என்பதுபோலச் சொல்வாள்.

எனக்கோ ஐந்து மாதம் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. கருவை உள்ளே வைத்த பதினான்காம் நாள் ரத்தத்தில் ஹார்மோன் அளவு பார்த்து எண்ணாகச் சொன்னார்கள். அந்த எண்ணுக்காக எட்டு வருடம் காத்திருந்தேன்.

அப்பா போன பிறகு வீட்டுக் கடனை அடைத்தது, தபாலில் எம்.காம். முடித்தது, ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை நிலைத்தது, ஜாதகத்தில் செவ்வாய் என்று நான்கு வருடம் போனது. கல்யாணம் ஆனபோது எனக்கு 33. முதல் வருடத்திலிருந்தே "வீட்டுல விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி தொடங்கியது. ஊரெல்லாம் கேட்டது என்னிடம்தான். அரசமரம் சுற்றினேன், தொட்டில் கட்டினேன், சர்க்கரை இல்லாத உடம்புக்குச் சர்க்கரை மருந்துகூடச் சாப்பிட்டேன், கருமுட்டை சரியாக வெளிவரட்டும் என்று. என் கணவர் ஒரு பரிசோதனைக்குப் போக மூன்று வருடம் ஆயிற்று. பிள்ளை இல்லாத தம்பதிகளில் கணிசமானவர்களுக்குக் காரணம் ஆணிடமும் இருக்கிறது என்பது மருத்துவத்துக்குத் தெரியும், தெருவுக்கு இன்னும் தெரியவில்லை. அந்த மூன்று வருடம் எனக்கு 34, 35, 36. பெண் பிறக்கும்போதே பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கருமுட்டைகளோடு பிறக்கிறாள். பூப்பெய்தும்போது மூன்று நான்கு லட்சம் மிஞ்சும். 37-ஐ ஒட்டி அந்தக் குறைவு வேகம் பிடிக்கும். எங்களுக்குப் போனது அந்த வருடங்கள்.

"எங்க அம்மாச்சிக்கு 42-ல பிறந்துச்சே" என்று மருத்துவரிடம் கேட்டேன். "எட்டு பெற்றவருக்கு ஒன்பதாவது தங்கியது, அவர் உடம்பு அப்படி" என்றார். ஒருத்தியின் உடம்பை வைத்து இன்னொருத்திக்குக் கணக்குப் போட முடியாது என்று பொறுமையாக விளக்கினார். டவுன் நோய்க்குறியோடு பிள்ளை பிறக்கும் வாய்ப்பு 25 வயதில் ஏறத்தாழ 1,250-இல் ஒன்று, 40 வயதில் ஏறத்தாழ நூற்றில் ஒன்று. அம்மாச்சிக்கும் இதே கணக்குதான் இருந்திருக்கும். அவள் அதை அறியாமல் சுமந்தாள். நான் அறிந்து சுமந்தேன். பன்னிரண்டாம் வார ஸ்கேனில் பிள்ளையின் பின்கழுத்தை அளக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தது எனக்கு மட்டுமே தெரியும். எது மேல் என்று கேட்டால், அறிந்திருப்பதுதான் மேல் என்பேன். பயந்தாலும்.

ஐவிஎஃப் என்ற சொல் இன்று திண்டுக்கல் பேருந்து நிலையச் சுவரொட்டியில் இருக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் ஒரு மனிதரை நான் மறப்பதில்லை. 1978 ஜூலையில் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தாள், உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை. அடுத்த இரண்டரை மாதத்தில், அக்டோபர் 3 அன்று, கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவரை யாரும் நம்பவில்லை. அரசு அமைத்த குழு அவர் சொன்னதை ஏற்கவில்லை. 1981-இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986-இல் மும்பையில் இந்திரா ஹிந்துஜாவின் குழு, 1990-இல் சென்னையில் கமலா செல்வராஜ் என்று வழி திறந்த பிறகுதான் முகர்ஜி சொன்னது உண்மை என்று ஏற்றார்கள். வயிற்றில் நானே ஊசி போட்டுக்கொண்ட இரவுகளில் அவரை நினைத்திருக்கிறேன். மூன்றாவது முறை எனக்குக் கரு தங்கியது.

ஏழாம் மாதம் வளைகாப்பு. அம்மாச்சிக்கு ஒன்பதாவதற்கு யார் வளையல் போடுவார்கள்? எனக்கு இரண்டு கையிலும் முழங்கைவரை கண்ணாடி வளையல். என்னோடு படித்தவள் கல்லூரிக்குப் போகும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கலவைச் சோற்றில் சர்க்கரைப் பொங்கலை மட்டும் நான் தொடவில்லை. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்ததில் சர்க்கரை 140-ஐத் தாண்டியிருந்தது. வெறும் வயிறாக இல்லாவிட்டாலும் எந்த ஊர்ச் சுகாதார நிலையத்திலும் செய்யக்கூடிய அந்தச் சோதனையை நாட்டில் பரப்பியவர் சென்னை மருத்துவர் வீ. சேஷய்யா. நாற்பதில் கருவுறுகிறவர்களுக்கு அவர் செய்துவிட்டுப் போனது பெரிய உபகாரம்.

இவ்வளவு கருவியும் கண்காணிப்பும் இன்று இருக்க, இல்லாதது கை. பிள்ளையைத் தூக்கும் கை.

அன்று 42 வயதுத் தாய்க்கு 25 வயதில் மகள் இருந்தாள், 20 வயதில் மகன் இருந்தான், 14 வயதில் ஒரு பெண் இருந்தாள். இன்று 41 வயதுத் தாய்க்குப் பின்னால் எழுபதை நெருங்கும் ஒரு தாய் இருக்கிறாள், முட்டி தேய்ந்து. அதுவும் கொடுத்துவைத்திருந்தால்.

ஆனால் அந்தக் காலத்துக் கைகளைப் பற்றிப் பேசும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். அந்தப் 14 வயதுப் பெண் என் அம்மா. காமராசர் காலத்தில் வந்த பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு சேர்ந்திருந்தாள். ஆடியில் தம்பி பிறந்தான். அம்மாச்சி எழுந்திருக்க மூன்று மாதம் ஆயிற்று. பெரியம்மா தன் பிள்ளையோடு புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். தம்பியை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு, வலது கையால் ஆட்டுக்கல்லைச் சுற்றியிருக்கிறாள் அம்மா. வாத்தியார் இரண்டு முறை வீட்டுக்கு வந்து கேட்டாராம். "பிள்ளைய யாரு பாக்குறது?" என்று அம்மாச்சி கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. ஆணியில் தொங்கிய மஞ்சள்பை அப்படியே தொங்கியிருக்கிறது. அம்மாவின் படிப்பு ஏழோடு நின்றது. அன்றைய கூட்டுக் குடும்பத்தில் பிள்ளை தானாக வளர்ந்தது என்று யாராவது சொன்னால் அந்தப் பையைத்தான் நினைத்துக்கொள்வேன். ஒவ்வொரு கடைக்குட்டிக்கும் பின்னால் பள்ளிக்கூடம் போகாத ஒரு அக்காள் இருக்கிறாள்.

2019-இல் குண்டூரில் எழுபதைத் தாண்டிய ஒரு பெண் தானமாகப் பெற்ற கருமுட்டையில் இரட்டைப் பெண் குழந்தைகளைப் பெற்றார். அந்தச் செய்தியைப் படித்துக்காட்டியபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: "ராத்திரி தூக்க யாரு இருக்கா?" 2021-இல் வந்த சட்டம் இந்தச் சிகிச்சைக்குப் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்று எல்லை வைத்தது. அது சரி என்றே எனக்குப் படுகிறது. நானே என் மகளுக்கு ப்ளஸ் டூ நடக்கும் வருடத்தில் 58 வயதாகி ஓய்வு பெறுவேன். அந்தக் கணக்கு போடாமல் நான் தூங்கிய இரவுகள் குறைவு.

மகள் பிறந்த அதே வருடம் ஏப்ரலில்தான் மகப்பேறு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. வயது கழிந்து பெற்ற உடம்புக்கு அந்தப் பதினான்கு வாரம் எத்தனை பெரிது என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். நாற்று நடப் போகும் எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு இந்த விடுப்பு கிடையாது. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான அரசு மகப்பேறு உதவித்தொகையை வைத்துக்கொண்டு அவள் எத்தனை நாள் வீட்டிலிருக்க முடியும்?

26 வாரம் முடியப்போகும்போது வேலையை விட்டுவிடலாம் என்றிருந்தேன். எட்டு வருடம் காத்திருந்து பெற்றதை யார் கையில் விடுவது? சொந்தக்காரர்களும் அதையே சொன்னார்கள். அம்மா ஒன்றும் சொல்லாமல் ஊருக்குப் போனாள். இரண்டு ஆடுகளை விற்றுவிட்டு, வீட்டைப் பூட்டிச் சாவியை அண்ணனிடம் கொடுத்துவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு மதுரைக்கு வந்து இறங்கினாள். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் குளிப்பாட்ட அவளுக்கு முடியவில்லை. நீலப் பிளாஸ்டிக் முக்காலி ஒன்று வாங்கிவரச் சொன்னாள்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலை, செருப்பை மாட்டிக்கொண்டு நிலைப்படியிலேயே நின்றேன். அம்மா வாசலில் நின்றாள், பிள்ளை இடது இடுப்பில். வலது கையில் என் சாப்பாட்டுப் பை. அதை என்னிடம் நீட்டினாள்.

"நேரமாச்சு தாயி. பஸ்ஸு போயிரும். கெளம்பு."