போட்டோ ஸ்டுடியோவுக்கு இலவச வலைத்தளம்: செய்வது எப்படி?



எந்த போட்டோ ஸ்டுடியோவுக்குப் போனாலும் வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். கல்யாண ஜோடி, தவழும் குழந்தை, மஞ்சள் நீராட்டு விழா என்று நல்ல நல்ல படமாக ஒட்டி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் நாம் உள்ளே போவோம். வலைத்தளமும் அதே கண்ணாடிப் பெட்டிதான். பக்கத்து மாவட்டத்தில் இருப்பவர்கூட செல்போனில் பார்க்கலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் மாமா கிராமத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு மட்டும் ஆள் வருது. கல்யாண ஆர்டர் எல்லாம் டவுனுக்குப் போயிடுது. "நான் போட்ட ஆல்பத்தைப் பார்த்தா வருவாங்க, பார்க்க வழி இல்லையே" என்பார். அவருக்காகக் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இலவசம் எப்படி?

உலகின் முதல் வலைத்தளத்தை 1990-ல் டிம் பெர்னர்ஸ் லீ என்பவர் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வு நிலையத்தில் உருவாக்கினார். அந்தத் தொழில்நுட்பத்தை யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று 1993-ல் செர்ன் அறிவித்தது. ஆனால் பக்கத்தை வைக்க இடம் வேண்டுமே! அந்த இடத்தைச் சில நிறுவனங்கள் இலவசமாகத் தருகின்றன. வேர்ட்பிரஸ் டாட் காம் தரும் இலவசப் பக்கத்தில் விளம்பரம் வரும். கூகுள் சைட்ஸில் விளம்பரம் வராது. ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும்.

முதலில் தயார் செய்ய வேண்டியவை

1. படம்: 200 படம் வேண்டாம், நல்லதாக 15 அல்லது 20 போதும். கல்யாணம், குழந்தை, கோயில் விழா என்று பிரித்து வையுங்கள்.

2. அளவு: பெரிய கேமராவில் எடுத்த படம் 6000 புள்ளி அகலம்கூட இருக்கும். அதன் பிரதி ஒன்றை 1600 புள்ளியாகச் சுருக்கிப் போடுங்கள். இதில் ஒரு கணக்கு இருக்கு. நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 6000-ஐ 300-ஆல் வகுத்தால் 20 அங்குலம். அதாவது யார் வேண்டுமானாலும் அதை எடுத்துப் பெரிய படமாக அச்சடித்துக் கொள்ளலாம்! 1600-ஐ வகுத்தால் 5 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். செல்போனில் பார்க்க அதுவே தாராளம். பக்கமும் சீக்கிரம் திறக்கும்.

3. எழுத்து: ஸ்டுடியோ பெயர், ஊர், என்னென்ன எடுப்பீர்கள், ஏறக்குறைய என்ன கட்டணம், எந்த எண்ணில் பேசலாம். இந்த ஐந்தும் இருந்தால் போதும். "உலகத் தரம்" என்றெல்லாம் எழுதினால் யாரும் நம்ப மாட்டாங்க. ஊர்ப் பெயரைக் கட்டாயம் எழுதணும். தேடுகிறவர் ஊர்ப் பெயரைப் போட்டுத்தானே தேடுவார்!

செய்முறை

கணினியில் கூகுள் சைட்ஸைத் திறந்து கூட்டல் குறியை அழுத்தினால் வெற்றுப் பக்கம் வரும். மேலே ஸ்டுடியோ பெயரை அடியுங்கள். வலது பக்கம் உள்ள 'இன்செர்ட்' என்பதில் படம், எழுத்து, கடை இருக்கும் வரைபடம் எல்லாம் சேர்க்கலாம். செல்போனில் எப்படித் தெரியும் என்று 'பிரிவியூ'வில் பார்த்துக் கொள்ளுங்கள். கடைசியில் 'பப்ளிஷ்' அழுத்தி, முகவரிக்கு ஒரு பெயர் கொடுத்து, எல்லாரும் பார்க்கலாம் என்று தேர்வு செய்தால் முடிந்தது. முகவரி கொஞ்சம் நீளமாக இருக்கும். சொந்தப் பெயரில் சின்ன முகவரி வேண்டுமென்றால் வருஷா வருஷம் பணம் கட்டணும். அந்த முகவரியை விசிட்டிங் கார்டிலும் ஆல்பத்தின் கடைசிப் பக்கத்திலும் அச்சடித்தால்தான் நாலு பேர் பார்ப்பார்கள்.

படம் யாருடையது?

இது ரொம்ப முக்கியம். எடுத்தவருக்குத்தான் படம் சொந்தம் என்று பலர் நினைக்கிறோம். 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அதனால் கல்யாண வீட்டாரைக் கேட்காமல் அவர்கள் படத்தைப் போடக்கூடாது. "சரி" என்றால் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொள்வது நல்லது.

அதிலும் நம் வயதுப் பெண்களின் சடங்குப் படம் என்றால், அம்மா அப்பாவைக் கேட்டால் மட்டும் போதாது, அந்தப் பெண்ணையும் கேட்கணும் என்பது என் கருத்து. வாசல் கண்ணாடிப் பெட்டியில் இருந்தால் நாளைக்கே கழற்றிவிடலாம். இணையத்தில் போட்ட படத்தை யார் யார் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்? மாமாவிடம் இதைச் சொன்னேன். பெண் பிள்ளைகள் படம் எதையும் போடாமல், கோயில் தேர், கைக்குழந்தை, சம்மதம் சொன்ன இரண்டு ஜோடி என்று 16 படம்தான் தேர்ந்தெடுத்தார். அதுவே அழகாக இருக்கு!

இரவல் சுவர்

கடைசியாக ஒன்று. பெட்டி நம்முடையது, அது மாட்டியிருக்கும் சுவர் நம்முடையது இல்லை. ஒரு காலத்தில் லட்சக்கணக்கான பேர் இலவசமாகப் பக்கம் வைத்திருந்த ஜியோசிட்டீஸ் சேவையை 2009-ல் யாஹூ அமெரிக்காவில் மூடிவிட்டது. கடைகளுக்கு கூகுள் பிசினஸ் புரொஃபைல் தந்த இலவச வலைத்தளங்களும் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. ஆகவே படங்களையும் எழுதியதையும் ஒரு பென் டிரைவில் தனியாக வைத்திருங்கள். ஓர் இடம் மூடினால் இன்னோர் இடத்தில் ஒரே நாளில் மறுபடியும் போட்டுவிடலாம்.

உங்கள் வீட்டில் தையல் கடை, பந்தல் கடை இருந்தாலும் இதே முறைதான். செய்து பாருங்கள்!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி