ஆராதனையின் ஓசையும் அயலாரின் உறக்கமும்



திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டைக்கு அருகே இருக்கிறது ஸ்ரீவராகம். வராகர் கோயிலும் குளமும் நெருங்கிய வீடுகளும் உள்ள பகுதி. பிழைப்புக்காய் அங்கே குடியேறிய நம் ஜனங்கள், தகரக் கூரையிட்ட வாடகை மாடியொன்றில் கூடி ஆராதிக்கிறார்கள். நான் சென்றிருந்த ஞாயிறன்று பாடல் வேளையில் இறங்கிப்போய் அடுத்த வீட்டு வாசலில் நின்றேன். பாட்டின் ஒரு சொல்லும் விளங்கவில்லை. டிரம்ஸின் அதிர்வும் பேஸ் கிதாரின் முழக்கமுமே வந்தன. அவ்வீட்டுப் பெரியவர் குறை சொல்லவில்லை. படுக்கையில் கிடந்த தம் மனைவியைக் காட்டினார், அவ்வளவே.

சபையாரோ சுவரெங்கும் முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தார்கள். அவை உள்ளே எதிரொலியைச் சற்றே குறைக்கும். வெளியே செல்லும் ஓசையைத் தடுக்கா. கோட்டைப் பகுதியின் நவராத்திரி மண்டபக் கூரையில் மண்பானைகள் தொங்குவதும் உள்ளே நாதம் இனிமையாய் ஒலிப்பதற்கே. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணிப் பணத்தை வீணாக்காதிருங்கள்.

ஓசையைத் தடுப்பவை பாரமும் இடைவெளியற்ற அடைப்பும் ஆகும். இருபுறமும் பூசிய 9 அங்குலச் செங்கற்சுவர் ஏறத்தாழ 50 டெசிபெல் குறைக்கும். ஆனால் அதன் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே 20 டெசிபெல்லுக்கு மேல் குறையாது. டிரம்ஸ் உள்ளே 100 டெசிபெல் எழுப்பினால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஆகவே முதலில் கதவிடுக்குக்கும் ஜன்னலுக்கும் ரப்பர் பட்டை. டிரம்ஸுக்கு ரப்பர்மேல் அமைத்த மேடை. பின்பு தகரத்தின் கீழே கல்நார்ப் பஞ்சல்ல, பாறைக்கம்பளி வைத்து, இரட்டை ஜிப்சம் பலகைக் கூரை. எல்லாவற்றையும் அடைத்தால் அந்த ஊர்ப் புழுக்கத்தில் யாரால் உட்கார முடியும்? உட்புறம் பஞ்சு பதித்த, வளைந்து செல்லும் காற்றுக்குழாயும் வேண்டும்.

சட்டமும் இதில் பேசுகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபெல் என வரையறுக்கின்றன. அதே ஆண்டு ஆகஸ்டு 30 அன்று, சென்னை மாதவரம் நெடுஞ்சாலையிலிருந்த பெந்தெகொஸ்தே சபையொன்றின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளிற்று. வாகன இரைச்சலும் அங்கே உண்டென்பது ஆராயப்பட்டது. ஆயினும் ஒலிபெருக்கியாலும் மேளத்தாலும் பிறர் அமைதியைக் குலைத்து ஜெபிக்கும்படி எம்மதமும் விதிக்கவில்லை என்றார்கள் நீதிபதிகள். நம்மவரில் சிலர் இதை உபத்திரவம் என்றார்கள். நான் அப்படி எண்ணவில்லை.

ஸ்ரீவராகத்துச் சபையார் ரப்பர் பட்டையும் மேடையும் முடித்துவிட்டார்கள். கூரைக்குப் பணம் சேரவில்லை. அதுவரை டிரம்ஸுக்குப் பதிலாய்க் கஞ்சிராவே ஒலிக்கிறது. மாலைக் கூட்டம் 8 மணிக்கு முடிகிறது.