வெட்பாலையும் அரக்கும்

பெங்களூரு மகாத்மா காந்தி சாலையின் காவேரி அங்காடியில் மரப் பொம்மைகள் அடுக்கியிருக்கும். கிலுகிலுப்பை, பம்பரம், தலையாட்டும் பொம்மை எல்லாம் சென்னபட்டணத்தில் கடைந்தவை. மைசூரு சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் போனால் அந்த ஊர். அது இருக்கும் ராமநகர மாவட்டத்துக்கு 2025இல் பெங்களூரு தெற்கு என்று பெயர் மாற்றினார்கள். திப்பு சுல்தான் வரவழைத்த பாரசீகக் கைவினைஞர்கள் கற்றுக்கொடுத்த தொழில் என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லும் கதை.

அந்தக் கிலுகிலுப்பையைக் கையில் எடுத்தாலே படைத்தவனைக் கும்பிடத் தோன்றுகிறது. ஒரு மரமும் ஒரு பூச்சியும் ஓர் இலையும் அதில் கூடியிருக்கின்றன.

மரம் நாம் அறிந்த வெட்பாலைதான். கன்னடத்தில் ஆலெ மரம். கிள்ளினால் பால் வடியும். நீண்ட காய்கள் இரண்டிரண்டாக, நுனியில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு தொங்கும். இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கருஞ்சிவப்பாக மாறும். தோல் நோய்க்கு நம் சித்த வைத்தியர்கள் தரும் தைலம் அது. அந்த மரத்தின் கட்டையோ தந்தம் போல வெளுப்பு, சன்னமான இழை. உளிக்கு எந்தப் பக்கமும் வளைந்து கொடுக்கும்.

பூச்சியின் கதை இன்னும் பெரிது. அரக்குப் பூச்சியின் குஞ்சு ஒரு மில்லிமீட்டர்கூட இராது. புரசு, இலந்தை போன்ற மரங்களின் இளங்கிளையில் ஊர்ந்து ஓர் இடம் பிடித்து, பட்டைக்குள் உறிஞ்சுகுழலை இறக்கும். பெண் பூச்சி அதன்பின் நகர்வதே இல்லை, கால்களையும் இழந்துவிடும். சாற்றை உறிஞ்சி, உடம்பிலிருந்து பிசினைச் சுரந்து தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும். வரப்போகும் குஞ்சுகளுக்கும் அதுதான் கூரை. பக்கத்தில் பக்கத்தில் ஆயிரக்கணக்கான கூடுகள் ஒட்டிக் கிளையே தடித்துப்போகும். அதைச் சுரண்டி எடுப்பதுதான் அரக்கு. பாண்டவரை எரிக்க மாளிகை கட்டிய அதே பொருள், இங்கே குழந்தையின் கைக்கு வருகிறது.

சூட்டில் இளகும், ஆறினால் இறுகும் என்ற குணத்தை அரக்குக்கு இறைவன் வைத்தான். அதைக் கண்டுகொண்டவர் கடைசல்காரர். பட்டறையில் கட்டை சுழலும்போது சாயம் கலந்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துகிறார். நெருப்பு கிடையாது, தூரிகை கிடையாது. உராய்வின் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் படர்கிறது. மஞ்சள், அவுரி என்று செடிச் சாயங்களையே கலப்பவர்களும் உண்டு. பிறகு தாழை மடலை மடித்துச் சுழலும் மரத்தின்மேல் வைப்பார். சில நொடிகளில் நிறம் ஒரு சீராகப் பரவிப் பளபளக்கும். இந்த மடலை முதலில் வைத்துப் பார்த்த கை யாருடையதோ, அதற்கு ஒரு வணக்கம்.

பல் முளைக்கும் குழந்தை எதையும் வாயில்தான் வைக்கும். மாத்திரைகளுக்கு மேல்பூச்சாகவும் இந்த அரக்குப் பிசின் பயன்படுகிறது. எனவே செடிச் சாயம் கலந்த கிலுகிலுப்பையைத் தாய் அஞ்சாமல் தரலாம். செய்தவர் அந்தக் குழந்தையைப் பார்க்கப்போவதில்லை. ஆனாலும் அதன் ஈறு படும் என்று நினைத்தே விளிம்பை உருட்டிவிடுகிறார். கலை என்று நான் வணங்குவது அந்த நினைப்பைத்தான்.

பிளாஸ்டிக் பொம்மைகளின் போட்டியில் இந்தப் பட்டறைகள் நிலைக்க, வாங்குபவர்களும் வேண்டும், மரமும் வேண்டும். வெட்பாலை வறண்ட மேட்டிலும் வளரும். வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும். வேலியோரத்தில் இடமிருப்பவர்கள் இந்த மழைக்காலத்திலேயே ஒரு கன்று வைக்கலாம்.