சக்கரத்தின் மேல் வரும் வீடு

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்” என்பது நம்மவர் பழமொழி. ஐக்கிய அமெரிக்காவிலோ, வீட்டைக் கட்டிப் பார்க்கும் சிரமமின்றியே லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டுக்காரர்களாகி விடுகின்றன. சுவர், கூரை, கதவு, ஜன்னல் யாவும் தொழிற்சாலையிலேயே அமைந்து, மின்சாரக் கம்பியும் தண்ணீர்க் குழாயும் பொருத்தப்பெற்று, வீடே சக்கரத்தின் மேல் ஏறி வாசலுக்கு வந்து சேருகிறது! விலை குறைவாதலால், சொற்ப வருவாயுள்ளவர்களும் முதியவர்களும் இதையே பெரிதும் நாடுகின்றனர்.

கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும் இவ்விஷயத்தில் ஒரு பெரிய கேள்வி அடங்கியிருக்கிறது. வீடு கொத்தனார் கையால் எழும்பும்போது, ஸ்தல அதிகாரி வந்து அஸ்திவாரத்தையும் சுவரையும் பார்வையிடலாம். மூடி முடித்து வந்திறங்கும் வீட்டின் சுவருக்குள்ளே என்ன இருக்கிறதென்று யார் கண்டார்?

இத்தகைய வீடுகளில் இரு வகை உண்டு. முதல் வகை, பகுதி பகுதியாகச் செய்து கொணர்ந்து, நிலையான அஸ்திவாரத்தின் மேல் இணைக்கப்படுவது. இதற்கு மற்ற வீடுகளுக்குரிய மாகாண, ஸ்தலக் கட்டட விதிகளே பொருந்தும். இரண்டாம் வகை, எஃகுச் சட்டத்தோடு கூடியே தயாராகி, அதன் மேலேயே பிரயாணம் செய்து வருவது. இதற்கென 1974-ஆம் வருஷத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் தனிச் சட்டம் இயற்றியது. 1976 ஜூன் 15-ந் தேதி முதல் நாடு முழுவதற்கும் ஒரே விதி அமுலுக்கு வந்தது.

இந்த விதியின்படி பரிசோதகர் வீட்டைத் தேடி வருவதில்லை, தொழிற்சாலைக்கே செல்கிறார். வீட்டில் ஒன்றுக்கொன்று எட்டத்தில் இரண்டு வெளிவாசல்கள் வேண்டும். வெளிக்கதவில்லாத படுக்கையறையில், ஆபத்து வேளையில் தப்பிச் செல்லத்தக்க ஜன்னல் வேண்டும். புகை எழுந்தால் ஒலிக்கும் கருவி வேண்டும். பனி மிகுந்த வட பகுதியில் சதுர அடிக்கு 40 பவுண்டு பாரத்தைக் கூரை தாங்க வேண்டும். தெற்கே 20 பவுண்டு போதும். இவையெல்லாம் சரியாயிருப்பதற்கு அத்தாட்சியாக, வீட்டின் ஒவ்வொரு பகுதியின் வெளிப்புறத்திலும் சிவப்பு நிற உலோகத் தகடு ஒன்று அறையப்படுகிறது.

ஆயினும், 1992 ஆகஸ்டு 24-ந் தேதி ‘ஆண்ட்ரூ’ என்னும் கடும்புயல் தெற்கு பிளாரிடாவைத் தாக்கியது. ஹோம்ஸ்டெட் என்னும் ஊரில் இத்தகைய வீடுகள் 1,176 இருந்தன. அவற்றில் 1,167 அடியோடு அழிந்தன, எஞ்சியவை ஒன்பதே! அதன் பின்னரே, 1994-ல், காற்றுக்கான விதி கடுமையாயிற்று. நாடு மூன்று காற்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. கடற்கரையோர மண்டலங்களுக்குரிய வீடுகள் மணிக்கு 100 மைல், 110 மைல் வேகக் காற்றுக்கு ஈடுகொடுக்கும்படி அமைய வேண்டுமென்று ஏற்பட்டது. எந்த மண்டலத்துக்கு உரியது என்ற விவரம் வீட்டினுள்ளேயே ஒரு சீட்டில் காட்டப்பட்டிருக்கும். 2004-ல் ‘சார்லி’ என்ற புயல் அதே மாகாணத்தில் வீசியபோது, 1994-க்குப் பின் கட்டிய வீடுகள் பழையவற்றைக் காட்டிலும் மிக நன்றாகத் தாக்குப் பிடித்தன.

வீடு உறுதியாயிருந்தால் மட்டும் போதுமா? அது நிற்கும் தரையும், அதைத் தரையோடு பிணைக்கும் பட்டைகளும் முளைகளும் உறுதியாயிருக்க வேண்டாமா? வீடு சாய்ந்தால், “நிறுத்தியவன் குற்றம்” என்று தொழிற்சாலைக்காரரும், “செய்தவன் குற்றம்” என்று நிறுத்தியவரும் சொல்லிவிட்டால், நடுவில் திண்டாடுபவர் குடியிருப்பவரே. இந்தக் குறையைப் போக்கவே 2000-ஆம் வருஷத்துச் சட்டம், வீட்டை நிறுத்துவதற்கும் விதிகள் வகுக்கவும், வழக்குகளைத் தீர்க்கவும் ஏற்பாடு செய்தது.

விதிகள் பெருகினால் விலை ஏறும், ஏழைக்கு வீடு எட்டாது என்று ஆட்சேபிப்போர் உண்டு. அவ்வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால், மலிவு வீட்டை வாங்குபவரிடம், அது காற்றில் பறந்தால் மறுபடி ஒன்று வாங்கப் பணம் இராது என்பதையும் எண்ண வேண்டும். மேலும், 1976-க்கு முன் செய்த வீடுகளுக்குச் சிவப்புத் தகடு கிடையாது. புதிய விதி பழைய சுவரை உறுதியாக்குவதுமில்லை. அவற்றில் குடியிருப்பவர்களுள் பலர், வேறு வீட்டுக்குச் செல்ல வசதியற்றவர்கள். புதிய வீட்டுக்கு விதி வகுத்த சர்க்கார், பழைய வீட்டில் வசிப்போர் புதியதற்கு மாறவும் கைகொடுத்தாலன்றி, அவர்கள் விஷயத்தில் சட்டத்தின் நோக்கம் நிறைவேறாது என்பதே நமது அபிப்பிராயம்.