ஆமைக்காக லைட்டை அணைக்கிற ஊர்!

பீச்னா என்ன பாஸ்... ஒரு பொட்டலம் சுண்டல், ஒரு மணி நேரம் 'கடலை'. அவ்ளோதானேனு கேட்கிற ஆளா நீங்க? அப்போ உங்களை சிராலிக்குக் கூட்டிட்டுப் போயே ஆகணும்!

துருக்கியின் தென்கரையில, மத்தியத் தரைக்கடல் ஓரமா இருக்கிற குட்டி ஊர் இது. அந்தாலியா நகரத்துல கும்லுஜா பக்கம் போற பஸ்ஸைப் பிடிச்சா, மலைக்கு நடுவுல மெயின் ரோட்டுலயே இறக்கி விட்டுடுவாங்க. அங்கேயிருந்து கடல் வரைக்கும் சுமார் 7 கிலோமீட்டர் இறக்கம். அதுக்கு 'தோல்முஷ்'னு ஒரு மினி வேன். 'நிரம்பியது'னு அர்த்தம். பேருக்கு ஏத்த மாதிரி ஆள் நிரம்பினாத்தான் நகரும். நம்ம ஷேர் ஆட்டோவுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்!

டாரஸ் மலைத்தொடர் அப்படியே கடல்ல காலை நனைக்கிற இடம். பைன் காடு, ஆரஞ்சுத் தோப்பு, 3 கிலோமீட்டருக்கு நீளுற கூழாங்கல் பீச். பின்னாடி 2,365 மீட்டர் உயரத்துக்கு தஹ்தலி மலை. மாடி மேல மாடி வெச்ச ஹோட்டலைத் தேடாதீங்க. குடும்பமா நடத்துற சின்னச் சின்ன விடுதிகள்தான். கீரையும் சீஸும் வெச்சு கல்லுல சுட்டுத் தர்ற 'கோஸ்லமே'வை ஒரு பிடி பிடிங்க. டீக்கு அங்கேயும் 'சாய்'தான். பால் மட்டும் கேட்டுடாதீங்க!

ராத்திரி ஆனதும் டார்ச்சோட மலையேறுங்க. 'யனார்தாஷ்', அதாவது எரியும் கல். பாறை இடுக்குல இருந்து பத்து, இருபது இடத்துல தீ எரிஞ்சுக்கிட்டே இருக்கும். பூமிக்குள்ளே இருந்து கசியுற மீத்தேன் வாயுதான் காரணம். 2,000 வருஷத்துக்கு மேல எரியுதாம்! சிங்கத் தலை, ஆட்டு உடம்பு, பாம்பு வாலோட நெருப்பைக் கக்குற 'கைமீரா'ங்கிற கிரேக்கப் புராண மிருகம் இங்கேதான் பிறந்துச்சுனு சொல்றாங்க. பகல்ல போனா பாதி சுவாரஸ்யம் காலி.

பீச்சோட தென்கோடியில ஒலிம்போஸ். காட்டுக்குள்ளே புதைஞ்சு கிடக்கிற பழைய லிசிய நகரம். ஒரு காலத்துல ஜெனிகேட்டஸ்ங்கிற கடற்கொள்ளைக்காரனோட கோட்டை. ரோமானியப் படை வளைச்சதும், குடும்பத்தோட தீக்குளிச்சுட்டான்.

சரி, மேட்டருக்கு வருவோம். மே மாசம் தொடங்கினா இந்த பீச்சுக்கு வி.ஐ.பி-க்கள் வருவாங்க. 'கரெட்டா கரெட்டா'ங்கிற பெருந்தலை ஆமைகள். ராத்திரியில கரையேறி, குழி தோண்டி, நூறு முட்டை வரைக்கும் போட்டு மூடிட்டுப் போயிடும். சுமார் 2 மாசத்துல குஞ்சு வெளியே வரும். அதுக்குத் தெரிஞ்ச ஒரே ரூட் மேப், வெளிச்சம்! இருட்டுல கடல்தான் பளபளக்கும், அதைப் பார்த்து ஓடும். கரையில ஒரு ரெஸ்டாரன்ட் லைட் போட்டா போதும்... கதை முடிஞ்சுது. கடல்னு நினைச்சு ரோட்டுப் பக்கம் வந்து, வெயில்ல காய்ஞ்சு செத்துப்போகும்.

அதனால ஆமை சீஸன்ல ராத்திரி பீச்சுல லைட் கூடாது. கேம்ப் ஃபயர் கூடாது. முட்டை இருக்கிற இடத்தைக் கம்பிக்கூண்டு போட்டு மூடியிருப்பாங்க. பக்கத்துல குடைக்கம்பி நடக் கூடாது. டூர் போன இடத்துல இத்தனை 'கூடாது'வானு எரிச்சல் வரத்தான் செய்யும். அந்த ஊர்க்காரங்களையும் யோசிங்க. டூரிஸ்ட்தான் அவங்களுக்குச் சோறு. இன்னும் ரெண்டு மாடி கட்டி, கடலோரமா நாலு ஃபோகஸ் லைட் மாட்டினா கல்லா நிரம்பும். அந்த ஆசை இல்லாத ஊர் எது? ஆனா, இன்னிக்கு வழி தப்பாம கடலுக்குப் போற குஞ்சு, முட்டை போடத் தயாராக 20 வருஷத்துக்கு மேல ஆகும். இப்போ விட்டுட்டா, அப்போ காத்திருந்தும் பிரயோஜனம் இல்லை.

'பாஸ்போர்ட்டே இல்ல, துருக்கியாம்!'னு பெருமூச்சு விடுறீங்களா? சென்னையில 1988-ல இருந்தே மாணவர் கடல் ஆமை பாதுகாப்பு அமைப்பு இருக்கு. ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும், நீலாங்கரையில இருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி முழுக்க நடந்து, பங்குனி ஆமை முட்டைகளைப் பொறிப்பகத்துல சேர்க்கிறாங்க. உங்க வயசுப் பசங்கதான் நிறைய. கூட நடக்க நீங்களும் போகலாம். செல்போன் லைட்டை மட்டும் ஆஃப் பண்ணிடுங்க, ப்ளீஸ்!