தொண்டில் மலரும் தோழமை

மனிதன் தனித்திருப்பது நன்றன்று என்பதைத் திருமறை தன் முதல் ஏடுகளிலேயே நமக்கு உணர்த்துகிறது. ஆயினும், இன்று நம் பங்குகளில் மறைந்து கிடக்கும் வறுமைகளுள் பெரியது தனிமையே. பிள்ளைகள் வெளியூரும் வெளிநாடும் சென்றுவிட, பெரிய வீட்டில் இருவராகவும் பின்னர் ஒருவராகவும் வாழும் பெற்றோர். பணி ஓய்வு பெற்றதும் தம்மைத் தேடி வருவார் இல்லை என்று உணரும் அலுவலர். பிழைப்பிற்காக நகருக்கு வந்து வாடகை அறையில் வாழும் இளைஞர். இவர்கள் யாவரும் ஞாயிறுதோறும் ஆலயத்தில் அருகருகே அமர்கின்றனர். திருப்பலி முடிந்ததும் ஒருவர் பெயரை ஒருவர் அறியாமலே கலைந்து செல்கின்றனர். கைபேசியில் நூறு பெயர்கள் உண்டு. நோயுற்ற இரவில் தயங்காமல் அழைப்பதற்கு ஒரு பெயர் இல்லை.

“நல்ல நண்பர்களை எங்கே தேடுவது?” என்று நம்மிடம் கேட்போர் பலர். நட்பை மட்டுமே தேடிப் புறப்படுவோர் பெரும்பாலும் வெறுங்கையுடன் திரும்புகின்றனர். பிறர் துயர் துடைக்க ஒன்றுசேர்ந்து புறப்படுவோரோ, தேடாமலே நட்பைப் பெறுகின்றனர். இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் பங்குகள் பலவற்றில் அமைதியாகப் பணியாற்றிவரும் புனித வின்சென்ட் தே பவுல் சபையின் பிறப்பே அதற்குச் சான்று.

தனித்து வந்த மாணவர்

1831 ஆம் ஆண்டு, பிரெடெரிக் ஓசானாம் என்னும் 18 வயது இளைஞர், சட்டம் பயில லியோன் நகரிலிருந்து பாரிசுக்கு வந்தார். வீட்டையும் பழைய நண்பர்களையும் பிரிந்த ஏக்கம் அவரை வாட்டியது. மாணவரிடையே சமயப் பற்று ஏளனத்திற்கு உரியதாயிருந்த காலம் அது. அவ்வேளையில், மின்னோட்டத்தின் அலகுக்கே தம் பெயர் சூட்டப்பெற்ற அறிஞர் ஆம்பியர், தம் சொந்த ஊராகிய லியோனிலிருந்து வந்த அம்மாணவருக்குத் தம் இல்லத்தில் இடமளித்தார். மறு ஆண்டு பாரிசில் காலரா பரவி, 18,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. ஏழைகள் வாழ்ந்த நெருக்கமான தெருக்கள் பெரும் துயருற்றன.

ஓசானாமும் தோழரும் வரலாற்று விவாதக் கூட்டங்களில் திருச்சபைக்காக வாதாடி வந்தனர். ஒருநாள் எதிரணியினர் ஒருவர், பண்டைக்காலத்தில் திருச்சபை நற்பணிகள் செய்தது உண்மையே, இன்று ஏழைகளுக்காக நீங்கள் செய்வது என்ன என்ற கருத்துப்படக் கேட்டார். சொல்லால் விடையளிக்க இயலாத கேள்வி அது. 1833 ஏப்ரல் 23 ஆம் நாள், ஓசானாமின் இருபதாவது பிறந்த நாளன்று, ஆறு மாணவரும் எம்மானுவேல் பாயி என்னும் பத்திரிகையாளருமாக எழுவர் கூடினர். விவாதத்தை விடுத்து ஏழைகளின் இல்லங்களுக்குச் செல்வதென முடிவு செய்தனர்.

இருவராகச் செல்லும் வழி

ஆர்வம் இருந்தது, அனுபவம் இல்லை. ஆகவே, பாரிசின் வறிய பகுதியாகிய மூஃப்தாரில் பணியாற்றிய பிறரன்புப் புதல்வியருள் ஒருவராகிய அருட்சகோதரி ரோசாலி ராந்துவை நாடினர். அவர் குடும்பங்களின் பெயர்களையும் ரொட்டி பெறுவதற்குரிய சீட்டுகளையும் தந்தார். அத்துடன், பொறுமையோடு பழகவும் எவரையும் கடிந்து தீர்ப்பிடாதிருக்கவும் கற்பித்தார். உதவி செய்யும் முறையும் உதவியேயாகும் என்பது அம்மாணவர் பெற்ற முதற்பாடம்.

இல்லச் சந்திப்புக்கு இருவராகச் செல்வது இன்றளவும் அச்சபையின் வழக்கம். நம் ஆண்டவரும் சீடர்களை இருவர் இருவராக அனுப்பினார் அன்றோ? இதில் ஆழ்ந்த ஞானம் உண்டு. செல்லும் வழியில் இருவரும் வானிலையைப் பற்றிப் பேசுவர். வறியவர் வீட்டில், பாயில் அமர்ந்து, மருந்து வாங்க வழியில்லாத தாயின் குறையைக் கேட்பர். திரும்பும் வழியில் சற்று நேரம் மௌனம். பின்னர் ஒருவர் வாய் திறந்து, “என் தாயாரும் இப்படித்தான்...” என்பார். அங்கே நட்பு பிறந்துவிடுகிறது. அரசு அலுவலரும் கொத்தனாரும் மண்டபத்து விருந்தில் ஒருவரையொருவர் கடந்து செல்வர். ஒரே பாயில் அமர்ந்து ஒரே துயரைக் கேட்டபின் அவ்வாறு கடந்து செல்ல இயலாது.

நாம் சந்திக்கும் வறியவரையும் இத்தோழமை உள்ளடக்க வேண்டும். அவரை வெறும் பயனாளியாகக் கருதுவோர் கொடையாளராகவே நின்றுவிடுவர். அவர் பெயரையும் பிள்ளைகளின் படிப்பையும் நினைவில் வைத்திருப்பவரே நண்பராவார்.

கதவடைக்கும் நட்பு

எனினும், நட்புக்கும் ஒரு சோதனை உண்டு. 1834 ஆம் ஆண்டின் இறுதிக்குள் எழுவர் நூற்றுவராகப் பெருகினர். ஒரே அறையில் கூடுவது அரிதாகவே, பல பிரிவுகளாகப் பிரியலாம் என்றார் ஓசானாம். எதிர்ப்பு பலமாய் எழுந்தது. நண்பர்களைப் பிரிய மனமில்லாதோர் கலங்கினர். விவாதம் ஆண்டின் கடைசி நாள்வரை நீண்டது. முடிவில், 1835 தொடக்கத்தில் பிரிவதற்கு இசைந்தனர். அன்று நட்பின் இனிமைக்காகவே கதவை அடைத்திருந்தால், அது ஒரு மாணவர் குழுவாகவே முடிந்திருக்கும். இன்று அச்சபை ஏறத்தாழ 150 நாடுகளில் பணியாற்றுகிறது.

நம் பங்குச் சபைகளுக்கும் இது படிப்பினையன்றோ? ஆண்டுக்கணக்கில் அதே முகங்கள், அதே நாற்காலிகள், அதே பேச்சு என்று அமைந்துவிட்டால், புதிதாய் வருபவர் வாயிலிலேயே நின்று திரும்பிவிடுவார். தொண்டர் குழுவே தனித்த ஒரு வட்டமாகிவிடின், தனிமையைத் துடைக்க வேண்டிய கரமே தனிமையை வளர்த்துவிடும்.

எங்கே தொடங்குவது?

பெருந்திட்டங்கள் தேவையில்லை. முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதத் தெரியாத பாட்டிக்கு, ஓய்வு பெற்ற எழுத்தர் உதவலாம். அவருடன் வட்டாட்சியர் அலுவலகம்வரை ஓர் இளைஞர் துணைக்குச் செல்லலாம். அரசு மருத்துவமனையில் உறவினரின்றிக் கிடக்கும் நோயாளியின் அருகில் அரைமணி நேரம் அமரலாம். மாலை வேளைகளில் ஏழைச் சிறுவர்க்குப் பாடம் சொல்லித் தரலாம். சாதியும் சமயமும் பாராது செய்ய வேண்டும். தனியாகச் செல்லாது, இதுவரை பேசிப் பழகாத ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். குறித்த நாளில், குறித்த நேரத்தில் தவறாது செல்லுங்கள். ஒருமுறை பெருந்தொகை தந்து மறைபவரைவிட, வாரந்தோறும் வருபவரையே வறியவர் எதிர்நோக்குகின்றனர்.

இல்லக் கடமையைத் துறந்து செய்யும் தொண்டும் வேண்டாம். ஓசானாம் துறவியல்லர், சொர்போன் பல்கலைக்கழகப் பேராசிரியர், அன்புக் கணவர், ஒரு மகளின் தந்தை. 1853 ஆம் ஆண்டு 40 வயதிலேயே மறைந்த அவரை, 1997 ஆகஸ்ட் 22 ஆம் நாள் பாரிசில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அருளாளராக உயர்த்தினார். 2003 இல் ரோசாலி ராந்துவும் அருளாளராக உயர்த்தப்பெற்றார்.

மனநிறைவு தேடித் தொண்டுக்கு வருபவர், முதல் ஏமாற்றத்திலேயே விலகக்கூடும். அடுத்தவர் அடுப்பு எரிகின்றதா என்று பார்க்க வருபவர் நிலைத்து நிற்பர். நிறைவு அவரைத் தேடி வரும். எனவே அன்பர்களே, வரும் ஞாயிறன்று திருப்பலி முடிந்தவுடன் விரைந்து செல்லாதீர்கள். அருகிலிருப்பவரின் பெயரைக் கேளுங்கள். பின்னர், நோயுற்ற ஒருவரின் வீட்டுக்கு இருவருமாகச் சென்று வாருங்கள். சென்றவர் இருவராயினும், வீட்டிலிருப்பவரோடு சேர்த்து நண்பர் மூவராவர். அன்பின் பெயரால் கூடும் அவ்விடத்தில் ஆண்டவரும் உடனிருப்பார்.