முதுகுக்குப் பின்னால் எரியும் விளக்கு

செலாயாங் தாமான்களில் வரிசை வீடு வாங்கியவர்கள் பலர் முதலில் கைவைக்கும் இடம் சமையலறை. இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர். வெளிச்சம் வர முன்னும் பின்னும்தான் வழி. பின்சந்துவரை இழுத்துக் கட்டிக் கூரை போட்டதும் அந்தப் பின்வழியும் அடைபடும். பட்டப்பகலிலும் விளக்கைப் போட்டுத்தான் வெங்காயம் நறுக்க வேண்டும். இருப்பதோ கூரை நடுவில் ஒரே ஒரு குழல்விளக்கு.

கோளாறு வாட்டில் இல்லை, விளக்கு இருக்கும் இடத்தில். சமையல் மேடை சுவரோரம். விளக்கு நம் முதுகுக்குப் பின்னால். கத்தி இறங்கும் இடத்தில்தான் தலைநிழல் விழும். 18 வாட்டைக் கழற்றி 36 வாட் மாட்டினாலும் நிழல் நகராது. மேல் கேபினட்டின் அடியில், முன்விளிம்புப் பக்கமாக, ஓர் எல்இடி பட்டை வேண்டும். பால்நிற மூடி போட்ட அலுமினியச் சட்டத்தில் அதைப் பொருத்துங்கள்: அலுமினியம் சூட்டை இழுத்துக்கொள்ளும், தாளிக்கும்போது படியும் எண்ணெய்ப் பிசுக்கையும் மூடிமேல் துடைத்துவிடலாம். நறுக்கும் இடத்துக்கு 500 லக்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு 500 லூமன் போதும். 2 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலமுள்ள மேடைக்கு 600 லூமன். சிதறுவதையும் சேர்த்து 900 லூமன் பட்டை வாங்கலாம்.

அடுத்தது நிறம். கடையில் 'டேலைட்' என்று தருவது 6500 கெல்வின், நீலம் பாய்ந்த வெள்ளை. 'வார்ம் ஒயிட்' 3000, மஞ்சள். சமையலுக்கு 4000தான் என் கட்சி. ஆனால் கெல்வினைவிட முக்கியம் சிஆர்ஐ, நிறத்தை உள்ளபடி காட்டும் திறன். வெள்ளை எல்இடிக்குள் இருப்பது நீல ஒளிச் சில்லு. அகசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபெல் வாங்கித் தந்தது அந்த நீல ஒளிதான். அதன்மேல் பூசிய பாஸ்பர் நீலத்தில் ஒரு பங்கை மஞ்சளாக்க, இரண்டும் கலந்து வெள்ளையாகின்றன. மலிவு பல்பில் அடர்சிவப்பு மட்டும் சோடை. சிஆர்ஐ எண்ணோ 8 வெளிர்நிறங்களின் சராசரி. ஆர்9 எனப்படும் அடர்சிவப்பு அதில் சேராது. அதனால்தான் சிஆர்ஐ 80 போட்ட பல்பின்கீழும் செலாயாங் மொத்தச் சந்தையில் வாங்கிவந்த மீனின் செவுள் மங்கிப்போய், பழசோ என்று சந்தேகிக்க வைக்கும். சில இறைச்சிக் கடைகளில் பல்புக்குச் சிவப்பு மூடி மாட்டுவது இதற்கு நேரெதிர் வித்தை!

பெட்டியில் சிஆர்ஐ 90க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்9 தனியாகக் குறித்திருந்தால் இன்னும் நல்லது. புது வயர் இழுப்பதென்றால், 230 வோல்ட் விவகாரம், எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிவுபெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள்.